வீடு வருமுன் உருகும் சாக்லேட்!

பெட்டி திறக்கப்படுகிறது. வீடே கூடி நிற்கிறது.

பாட்டி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். பிள்ளைகள் பெட்டியைச் சுற்றித் தரையில். அடுத்த வீட்டுப் பையன் வாசற்படியில்.

பெரியப்பாவும் பெரியம்மாவும் கோடை விடுமுறைக்குச் சுவிட்சர்லாந்து போய்த் திரும்பி வந்திருக்கிறார்கள். பெரியப்பா பனிமலைப் படங்களைக் காட்டுகிறார். யார் பார்க்கிறார்கள்? பிள்ளைகளின் கண் எல்லாம் பெட்டி மேல்தான்!

கடைசியில் சாக்லேட் வெளியே வருகிறது. உறை பளபளக்கிறது. பிரித்துப் பார்த்தால்... பட்டை வளைந்து நெளிந்து கிடக்கிறது. மேலே வெள்ளை வெள்ளையாகப் பூத்திருக்கிறது.

"ஐயோ அக்கா, பூசணம் பிடிச்சிருக்கே!" என்கிறாள் பிள்ளைகளின் தாய்.

"குழந்தைங்க வயித்தைக் கெடுத்திடும். தூக்கிப் போடு" என்று பாட்டி தீர்ப்புச் சொல்லிவிடுகிறாள்.

பெரியம்மாவின் முகம் வாடிவிடுகிறது. அந்த ஊர் விலைவாசியில், காப்பிச் செலவைக்கூடக் குறைத்து மிச்சம் பிடித்து வாங்கிய சாக்லேட். எத்தனையோ ஆயிரம் மைல் சுமந்து வந்து, கடைசியில் குப்பைத் தொட்டிக்கா?

ஒவ்வொரு கோடையிலும் பல வீடுகளில் நடக்கிற காட்சி இது. வளைகுடா நாடுகளில் வேலை பார்த்துவிட்டு, நெடுநாள் கழித்துப் பிள்ளைகளைப் பார்க்க வருகிற தகப்பன்மார் வீட்டிலும் இதே கதைதான். அங்கே கோடை வெயில் 45 டிகிரியையும் தாண்டும். சொல்லவேண்டுமா?

ஆனால் அந்த வெள்ளை, பூசணம் அல்ல. குப்பைத் தொட்டிக்குப் போகவேண்டிய பொருளும் அல்ல!

34 டிகிரி ரகசியம்

மார்கழி மாதத்தில் தேங்காய் எண்ணெய் புட்டிக்குள் உறைந்துவிடுகிறது. வெயில் ஏறியதும் உருகிவிடுகிறது. எல்லோரும் பார்த்ததுதான். சாக்லேட்டின் கதையும் அதேதான்.

சாக்லேட்டுக்கு உயிர், கொக்கோ வெண்ணெய். கொக்கோக் கொட்டையில் இருக்கும் கொழுப்பு அது. தேங்காய் எண்ணெய் 24 டிகிரியை ஒட்டி உருகும். கொக்கோ வெண்ணெய் உருகுவது ஏறக்குறைய 34 டிகிரியில்.

மனித உடம்பின் சூடு எவ்வளவு? 37 டிகிரி.

அதாவது கையில் எடுக்கும்போது கெட்டி. வாயில் போட்டால் தண்ணீர்! இந்த மூன்று டிகிரி வித்தியாசத்தில்தான் சாக்லேட்டின் ருசியே இருக்கிறது. நாக்கில் கரைவதற்காகவே பிறந்த பண்டம் அது.

அக்கினி நட்சத்திரத்தில் சென்னை வெயில் எவ்வளவு? 40 டிகிரியைத் தொடும். சில நாள் தாண்டும். அப்படியானால் சென்னைத் தெருவே சாக்லேட்டுக்கு ஒரு பெரிய வாய்தான்!

கொக்கோ வெண்ணெய்க்குப் பதிலாக வேறு தாவரக் கொழுப்பைச் சேர்த்த மலிவு ரகங்களும் உண்டு. அவை வெயிலைத் தாங்கும். ஆனால் நாக்கில் மெழுகுபோல் ஒட்டிக்கொள்ளும். வெயிலில் உருகிவிட்டதே என்று அந்நிய நாட்டுச் சாக்லேட்டைக் குறை சொல்கிறவர்கள், அதன் தரமே உருகுவதில்தான் இருக்கிறது என்பதை மறந்துவிடுகிறார்கள்.

மெழுகுவர்த்திக்காரர் செய்த மாயம்

சுவிட்சர்லாந்தில் கொக்கோத் தோப்பு ஒன்றுகூடக் கிடையாது. கொக்கோ வெப்ப நாட்டு மரம். உலகத்துக்கு வேண்டிய கொக்கோவில் பாதிக்கு மேல், ஆப்பிரிக்காவில் உள்ள ஐவரி கோஸ்ட், கானா என்ற இரண்டு நாடுகளில் விளைந்து வந்திருக்கிறது. நம்முடைய பொள்ளாச்சிப் பக்கம்கூடத் தென்னந்தோப்புக்குள் ஊடுபயிராக கொக்கோ விளைகிறது.

வெயிலில் பிறந்த காய்க்குப் பனி நாட்டில் பேர் வந்தது எப்படி?

வெவே என்று ஒரு சிற்றூர். ஜெனிவா ஏரிக்கரையில் இருக்கிறது. அங்கே டேனியல் பீட்டர் என்பவர் மெழுகுவர்த்தி செய்து விற்று வந்தார். மண்ணெண்ணெய் விளக்கு வந்தது. மெழுகுவர்த்தி வியாபாரம் படுத்தது. அவர் மணந்த பெண்ணோ சாக்லேட் வியாபாரி கையேவின் மகள். மாமனார் வீட்டுத் தொழிலில் மருமகன் இறங்கினார்!

அந்தக் காலத்துச் சாக்லேட் கசக்கும். பால் சேர்த்தால் நன்றாக இருக்குமே என்று பீட்டருக்கு ஆசை. சேர்த்தார். கெட்டுப்போயிற்று. பாலில் நூற்றுக்கு 87 பங்கு தண்ணீர். தண்ணீரும் கொக்கோக் கொழுப்பும் ஒன்றுசேராது. பூசணம் பிடித்தது. அதுதான் உண்மையான பூசணம்!

பல வருஷம் மன்றாடினார். பாலிலுள்ள தண்ணீரைப் போக்கிவிட்டுச் சேர்க்கும் வழியைக் கண்டார். 1875-ஆம் ஆண்டு பால் சாக்லேட் பிறந்தது. அதே ஊரில் குழந்தைகளுக்கான பால்மாவு செய்துவந்த ஹென்றி நெஸ்லே அவருடைய நண்பர்.

அடுத்து 1879. பெர்ன் நகரத்தில் ரோடால்ப் லின்ட் என்பவர், சாக்லேட் கூழை நெடுநேரம் அரைத்துப் புரட்டும் ஓர் இயந்திரத்தைச் செய்தார். ஒருநாள் அதை நிறுத்த மறந்து போய்விட்டார் என்றும், மூன்று நாள் கழித்து வந்து பார்த்தபோது கூழ் பட்டுப்போல் இருந்தது என்றும் ஒரு கதை உண்டு. கதை மெய்யோ பொய்யோ, சாக்லேட் மெய்! அதற்கு முன் நறநறவென்று கடிபட்ட பண்டம், அதற்குப் பிறகு நாக்கில் வழுக்கிக்கொண்டு போயிற்று. 1899-இல் அவர் தம் தொழிற்சாலையையும் அந்த ரகசியத்தையும் ஜூரிச் நகரத்து ஸ்ப்ருங்கிலி நிறுவனத்துக்கு 15 லட்சம் பிராங்குக்கு விற்றார்.

உருளைக்கிழங்கைவிடக் கொஞ்சம் மேல்

உருகாத சாக்லேட் செய்ய முடியாதா? செய்து பார்த்தார்கள்!

1937-ஆம் ஆண்டு. அமெரிக்க ராணுவத்துக் காப்டன் பால் லோகன், ஹெர்ஷி கம்பெனிக்குப் போனார். சிப்பாய்கள் ஆபத்துக் காலத்தில் தின்பதற்கு ஒரு சாக்லேட் வேண்டும் என்றார். நிபந்தனைகளும் போட்டார். எடை 4 அவுன்ஸ் இருக்க வேண்டும். வெயிலில் உருகக்கூடாது. பசி தாங்கவேண்டும். கடைசி நிபந்தனைதான் வேடிக்கை. ருசி, வேகவைத்த உருளைக்கிழங்கைவிடக் கொஞ்சம்தான் மேலாக இருக்கவேண்டும்! ருசியாக இருந்தால் சிப்பாய்கள் ஆபத்து வருமுன்பே தின்று தீர்த்துவிடுவார்களாம்.

ஓட்ஸ் மாவைப் போட்டு அப்படியே செய்து கொடுத்தார்கள். உருகவில்லை. பல் உடையாத குறை! கத்தியால் சீவித் தின்றார்கள். சிப்பாய்கள் வாயார வைதார்கள்.

வேறொரு வழியும் பிறந்தது. சாக்லேட் உருகட்டும், கையில் ஒட்டாமல் இருந்தால் போதும் என்று நினைத்தார் பாரஸ்ட் மார்ஸ். சிறு சிறு சாக்லேட் பொத்தான்களுக்குச் சர்க்கரை ஓடு போட்டார். ஸ்பெயின் நாட்டு உள்நாட்டுப் போரில் சிப்பாய்கள் அப்படித் தின்பதைப் பார்த்துத்தான் அவருக்கு இந்த யோசனை வந்தது என்பார்கள். 1941-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. 'எம் அண்டு எம்' என்று பெயர். நம் பிள்ளைகள் கைநிறைய அள்ளும் 'ஜெம்ஸ்' மிட்டாயும் அந்த ஜாதிதான். வெயில் ஊருக்கு வாங்கிவர ஏற்றது இந்த ஓடு போட்ட ரகம். ஒட்டாது, வழியாது.

கொண்டு வருவது எப்படி?

முதல் நாளே வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றாதீர்கள். வெயிலில் நிற்கும் பஸ்ஸும் காரும் ஐரோப்பாவிலும் அடுப்புத்தான். கடைசி நாள் வாங்குங்கள். விமான நிலையத்தில், சோதனை முடிந்த பிறகு உள்ள கடையில் வாங்கினால் இன்னும் நல்லது. விலை சற்றுக் கூடலாம். உருகாமல் வந்தால் அதுவே லாபம்.

கையோடு வைத்துக்கொள்ளுங்கள். பயணிகள் உட்காரும் இடம் குளிர்ச்சியாக இருக்கும். சரக்கோடு போட்ட பெட்டி, இறங்கிய பிறகு தள்ளுவண்டியில் வெயில் காயலாம். கட்டியான சாக்லேட்டைக் கையில் கொண்டுபோகத் தடையில்லை. ரொட்டியில் தடவுகிற சாக்லேட் குழம்பு மட்டும் வேறு. அதைத் திரவக் கணக்கில் சேர்த்து, 100 மில்லிக்கு மேல் இருந்தால் பல விமான நிலையங்களில் வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

பெட்டியில்தான் போடவேண்டும் என்றால் ஒரு வழி உண்டு. குளிருக்கென்று கொண்டுபோன கம்பளிச் சட்டை இருக்கிறதல்லவா? அதில் சுற்றி நடுவில் வையுங்கள். கம்பளி உள்ளே இருக்கும் சூட்டை வெளியே விடாதது போலவே, வெளியே இருக்கும் சூட்டையும் சீக்கிரம் உள்ளே விடாது.

இன்னொன்று. குழந்தைகளுக்கு வாங்கும்போது உறையைப் படியுங்கள். படிக்கத் தெரியாத பாஷையாக இருந்தால் கடைக்காரரைக் கேளுங்கள். சுவிட்சர்லாந்தில் 'கிர்ஷ்' என்ற சாராயத்தை உள்ளே வைத்த சாக்லேட்டும் உண்டு! கிரீம் நிரப்பிய ரகங்கள் சீக்கிரம் கெடும். தேதியைப் பார்த்து வாங்குங்கள்.

வெள்ளை எங்கிருந்து வந்தது?

மைசூர்பாகு செய்கிறவர்களுக்குப் பதம் என்றால் தெரியும். பதம் தப்பினால் கல்லாகிவிடும், அல்லது அல்வாவாகிவிடும். சாக்லேட்டுக்கும் பதம் உண்டு.

கொக்கோ வெண்ணெய் ஆறு விதமாக உறையும். அதில் ஒன்றுதான் பளபளப்பும், 'டக்'கென்று ஒடியும் தன்மையும் தருவது. அந்த ஒன்றுக்காகத் தொழிற்சாலையில் சூடாக்கி, ஆறவைத்து, மறுபடி அளவாகச் சூடாக்கிப் பதம் பார்க்கிறார்கள். வழியில் உருகியது என்றால் அந்தப் பதம் போயிற்று. வெண்ணெய் மேலே மிதந்துவந்து தன் இஷ்டத்துக்கு உறைகிறது. அதுதான் வெள்ளை. தின்றால் ஒன்றும் செய்யாது. பளபளப்புப் போகும், ஒடியும் சத்தம் போகும். அவ்வளவுதான். பஞ்சுபோல் ரோமம் முளைத்திருந்தாலோ, கெட்ட வாடை வந்தாலோ மட்டும் தூக்கிப் போடவேண்டும்.

உருகியிருக்கிறது என்று தெரிந்தால் உடனே உறையைப் பிரிக்காதீர்கள். அப்படியே குளிர்ந்த இடத்தில் வைத்துவிடுங்கள். இறுகிய பிறகு பிரிக்கலாம். குளிர்பதனப் பெட்டியில் வைப்பதானால், காற்றுப் புகாத டப்பாவில் போட்டு வையுங்கள். மீன் வாடையைக்கூடச் சாக்லேட் இழுத்துக்கொள்ளும்! எடுத்ததும் டப்பாவைத் திறக்கவேண்டாம். சில்லிப்புப் போனபின் திறங்கள். இல்லாவிட்டால் அதன்மேல் ஈரம் படியும். சர்க்கரை கரைந்து உலர்ந்து, இன்னொரு விதமான வெள்ளை பூக்கும். தொட்டால் சொரசொரக்கும். அதுவும் கெடுதல் இல்லை.

மறுபடி அந்த வீட்டில்

பெரியப்பாவுக்கு இவ்வளவும் தெரியாது. ஆனால் அவருக்கு ஒரு யோசனை தோன்றுகிறது. குப்பைத் தொட்டிக்குப் போகவிருந்த சாக்லேட்டை வாங்கி ஒரு துண்டு தாமே வாயில் போட்டுப் பார்க்கிறார். முகம் மலர்கிறது.

"நல்லாத்தான் இருக்கு. அடுப்புல பாலை வையுங்க" என்கிறார்.

சாக்லேட் முதலில் தின்பண்டம் அல்ல, பானம்தான். மெக்சிகோவில் அஸ்டெக் மக்கள் அதைக் கரைத்துக் குடித்தார்கள். ஐரோப்பாவிலும் நெடுங்காலம் குடித்துக்கொண்டுதான் இருந்தார்கள். கடித்துத் தின்னும் பட்டையை இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்து பிரை கம்பெனி செய்தது 1847-இல்தான்.

பால் காய்கிறது. வளைந்த பட்டையை உடைத்துப் போட்டுக் கலக்குகிறாள் பிள்ளைகளின் தாய். வெள்ளை எங்கே போயிற்று? காணோம்! வீடெல்லாம் மணக்கிறது. பிள்ளைகள் தம்ளரை நீட்டுகிறார்கள். அடுத்த வீட்டுப் பையன் வாசற்படியை விட்டு உள்ளே வந்துவிட்டான்.

"எனக்கு வேண்டாம்" என்கிறாள் பாட்டி.

கொஞ்ச நேரம் கழித்து, "ஒரு வாய் கொடு, பார்க்கலாம்" என்கிறாள்.