பகல்ல எரியுற விளக்கு ராத்திரி கைவிடுமா?

ப்ராஜெக்ட் ரிவ்யூவுக்கு நடுவுல ஒரு சாதாரண பல்பைப் பத்தி எழுத வந்ததுக்குக் காரணம் எங்க அப்பாவோட பழைய கார்.

போன லீவுல அறந்தாங்கி ரோட்டுல ராத்திரி வீட்டுக்குத் திரும்பிட்டு இருந்தோம். திடீர்னு வலது பக்க லோ பீம் அணைஞ்சு போச்சு. எதிரே வந்த பஸ் டிரைவர் கண்ணுக்கு எங்க இடது விளக்கு மட்டும்தான் தெரிஞ்சிருக்கும். ஓரமா ஒரு பைக் வருதுன்னு நினைச்சு நடு ரோட்டுக்கே வந்துட்டார். அப்பா ஸ்டியரிங்கை ஒடிச்சு மண்ணுல இறக்கினார், தப்பிச்சோம்.

அந்த பல்பு போட்டு ஏழு மாசம்தான் ஆகியிருந்தது. "பைக்ல எல்லாம் பகல்லயும் லைட் எரியுதேப்பா, நாமளும் போட்டே ஓட்டலாம், சேஃப்டி"ன்னு அட்வைஸ் பண்ணினது நான்தான். அப்போ தப்பு என்னோடதா? உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

பகல்ல எதுக்கு லைட்?

வழி பார்க்க இல்லை. மத்தவங்க நம்மளைப் பார்க்க. ஸ்வீடன்ல 1977-லேயே பகல் விளக்கைக் கட்டாயம் ஆக்கிட்டாங்க. கனடாவுல 1990 முதல் புதுக் கார்களுக்கு வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்துல 2011 பிப்ரவரி முதல் புது மாடல் கார்களுக்கு டிஆர்எல் கட்டாயம். நம்ம நாட்டுல 2017 ஏப்ரல் 1 முதல் புது டூவீலர்கள்ல இன்ஜின் ஓடினாலே ஹெட்லைட் எரியணும். உங்க பைக்ல சுவிட்ச் இல்லாததுக்குக் காரணம் அதுதான்.

பல்புக்கு என்ன ஆகுது?

ஹாலஜன் பல்புக்குள்ள டங்ஸ்டன் இழை சூடாகி எரியும்போது கொஞ்சம் கொஞ்சமா ஆவியாகும். உள்ளே இருக்கிற ஹாலஜன் வாயு அந்த டங்ஸ்டனைப் பிடிச்சு மறுபடி இழைக்கே கொண்டு வந்து சேர்க்கும். ஆனா கிளம்பின இடத்துலேயே சரியா வந்து உட்காராது. அதனால ஒரு இடம் மெலிஞ்சுக்கிட்டே போய், ஒரு நாள் அறுந்துடும். ஆக, பல்போட ஆயுள் முக்கியமா எரியுற மணி நேரக் கணக்குதான்.

ஒரு பல்பு 500 மணி நேரம் தாங்கும்னு வெச்சுக்கோங்க. தினம் 2 மணி நேரம் கார் ஓடுது, அதுல அரை மணி நேரம்தான் இருட்டு. ராத்திரி மட்டும் போட்டா 1000 நாள், கிட்டத்தட்ட இரண்டே முக்கால் வருஷம். பகல்லயும் போட்டா 250 நாள், எட்டு மாசம். ஏழு மாசத்துல போனதுல ஆச்சரியமே இல்லை!

எல்லா டிஆர்எல்லும் ஒண்ணு இல்லை

நான் பண்ணின மாதிரி லோ பீமையே முழுசா எரிய விட்டா, பல்பு வேகமா தேயும்.

இரண்டாவது வழி, பழைய அமெரிக்க, கனடா கார்கள்ல வந்தது: ஹை பீமைக் குறைஞ்ச வோல்டேஜ்ல எரிய விடுறது. வோல்டேஜ் குறைஞ்சா இழையோட ஆயுள் ஏறக்குறைய 13-ஆம் அடுக்குல கூடும். வெறும் 5 சதவீதம் குறைச்சாலே ஆயுள் இரண்டு மடங்கு, வெளிச்சமோ 16 சதவீதம்தான் குறையும். இதுல பல்புக்குப் பெரிய பாதிப்பு இல்லை.

மூணாவது, இப்போ நாம பார்க்குற தனி எல்இடி பட்டை. இது ஹெட்லைட் பல்பைத் தொடுறதே இல்லை. ஆனா இதுல வேற ஆபத்து இருக்கு. முன்னாடி பளிச்சுனு எரியுறதால, இருட்டினதுக்கு அப்புறமும் ஹெட்லைட் போட மறந்துடுவோம். பல கார்கள்ல டிஆர்எல் எரியும்போது பின் விளக்கு எரியாது. பின்னாடி வர்ற லாரிக்கு நீங்க இருக்கிறதே தெரியாது.

நீங்க செய்ய வேண்டியது

1. பல்பை ஜோடியாவே மாத்துங்க. இரண்டும் ஒரே நேரம் எரிஞ்சதுதான். ஒண்ணு போனா அடுத்தது பின்னாலயே வரும். நாங்க வலது பக்கம் மட்டும் மாத்தினோம், மூணே வாரத்துல இடதும் போச்சு.

2. கண்ணாடியை வெறும் விரலால தொடாதீங்க. விரல் எண்ணெய் ஒட்டின இடம் அதிகமா சூடாகி, கண்ணாடி கெட்டுப்போகும். டிஷ்யூ பேப்பரால பிடிங்க.

3. இன்ஜின் ஓடும்போது பேட்டரியில மல்டிமீட்டர் வெச்சுப் பாருங்க. 14 வோல்ட் பக்கம் இருந்தா சரி. 15-ஐத் தாண்டினா ரெகுலேட்டரைச் சரி பண்ணாம எத்தனை பல்பு போட்டாலும் வீண்தான்.

4. எச்4 பல்பு 60/55 வாட்ஸ். அந்த இடத்துல 100 வாட்ஸ் பல்பு மாட்டினா ஹோல்டரும் வயரும் உருகலாம்.

5. வாரம் ஒரு தடவை சுவருக்கு நேரா காரை நிறுத்தி லோ, ஹை இரண்டையும் போட்டுப் பாருங்க. ஒரு நிமிஷ வேலை. உள்ளே உட்கார்ந்திருந்தா, டவுன் வெளிச்சத்துல ஒரு பக்கம் போனது தெரியவே தெரியாது.

6. டேஷ்போர்டுல ஒரு ஜோடி ஸ்பேர் பல்பு வெச்சுக்கோங்க.

இதைப் படிச்சுட்டு பகல் விளக்கே வேண்டாம்னு முடிவு பண்ணிடாதீங்க. மழையில, பனியில, மரம் அடர்ந்த ரோட்டுல அது உயிரைக் காப்பாத்தும். கம்பெனியிலேயே வந்த டிஆர்எல்லை அணைக்க வழி தேடாதீங்க. அது இல்லாத பழைய காரா? மழை, பனி நேரத்துல தாராளமா லோ பீம் போடுங்க. ஆனா எரிஞ்ச மணி நேரத்தையும் மனசுல வெச்சு, அறுந்து போறதுக்கு முன்னாடியே பல்பை மாத்திடுங்க.

அப்பாவுக்கு இந்தக் கணக்கைக் காட்டினேன். பொறுமையா கேட்டுட்டு, "இதை ஏழு மாசம் முன்னாடி போட்டிருக்கலாமேடா"ன்னார். இப்போ ஞாயித்துக்கிழமை தோறும் சுவருக்கு நேரா காரை நிறுத்துறது என் வேலை.