இரண்டாவது திரை ஏன் இருண்டது?

அக்காள் மகளின் திருமண ஆல்பத்தை ஞாயிற்றுக்கிழமைக்குள் முடித்துத் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை இரவு, ஏதோ நினைப்பில், கணினியின் இயங்குதளத்தை மேம்படுத்திவிட்டேன். மீண்டும் இயக்கியபோது, இரண்டு திரைகளில் ஒன்று இருண்டு கிடந்தது.

என் கணினியில் இரண்டு கிராஃபிக்ஸ் கார்டுகள். ஒன்று புதியது, மற்றது பத்து ஆண்டுப் பழையது. “பழசு செத்துப்போச்சு தம்பி, புதுசு வாங்கிடுங்க” என்றார் கடைக்காரர். மாதக் கடைசியில் பணத்துக்கு எங்கே போவது?

உண்மையில் கார்டு சாகவில்லை. கார்டையும் இயங்குதளத்தையும் இணைப்பது ‘டிரைவர்’ என்னும் மென்பொருள். 2007இல் விற்பனைக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவில் எல்லாக் கார்டுகளும் ஒரே டிரைவரில் இயங்க வேண்டியிருந்தது. 2009இல் விண்டோஸ் 7 அதைத் தளர்த்தியது. வெவ்வேறு நிறுவனக் கார்டுகள் சேர்ந்து இயங்க முடிந்தது. ஆனால், இரண்டும் ஒரே நிறுவனத்தின் கார்டுகள் என்றால், பொதுவாக ஒரே டிரைவர்தான் இரண்டுக்கும் பொருந்த வேண்டும். என்னுடையவை அப்படிப்பட்டவை. புதிய டிரைவரின் பட்டியலில் பழைய கார்டு இல்லை!

பழையதைக் கழற்றினேன். என் பிராசசரிலேயே கிராஃபிக்ஸ் வசதி உண்டு. பயாஸில் அதை இயக்கி, இரண்டாவது திரையின் கேபிளை மதர்போர்டில் செருகினேன். வெளிச்சம் வந்தது. இப்போதும் இரு வேறு கிராஃபிக்ஸ்தான். ஆனால் நிறுவனம் வேறு, டிரைவரும் வேறு. ஒரு வெள்ளிகூடச் செலவில்லை.

மேம்படுத்தும் முன், உங்கள் கார்டுகளின் பெயர்களைக் குறித்துக்கொண்டு, புதிய டிரைவர் அவற்றை ஏற்கிறதா என்று தயாரிப்பாளரின் இணையத்தளத்தில் பாருங்கள். அவசர வேலை இருக்கும் வாரத்தில் மட்டும் வேண்டாம்.

ஆல்பம் ஞாயிறு மாலை அக்காள் கைக்குப் போய்ச் சேர்ந்தது.