பெயின்டுக்கு முன்னாடி ப்ரைமர்: நான் மிச்சம் பிடிச்ச ரெண்டு நாள்

இந்த எபிசோடுல கோடிங் இல்லை, சுவர். குறிப்பா, பெயின்டுக்கு அடியில போற ப்ரைமர்.

போன வருஷம் தங்கச்சி தலைப்பிரசவத்துக்கு வர்றான்னு மாடியில ஒரு ரூம் கட்டினோம். பூச்சு வேலை முடிஞ்சு பத்து நாள்தான் ஆகியிருந்தது. பெயின்டர் அண்ணன் சுவரைத் தொட்டுப் பார்த்துட்டு, "தம்பி, சுவர் இன்னும் பச்சையா இருக்கு, காயட்டும். பட்டி பார்த்து ப்ரைமரும் அடிக்கணும்"னு சொன்னாரு. வளைகாப்பு தேதி நெருங்குது. நான், "ரெண்டு கோட் பெயின்ட் அடிக்கத்தானே போறோம், ப்ரைமர் எதுக்கு?"ன்னு கேட்டு, பட்டி மேலேயே நேரா எமல்ஷன் அடிக்க வச்சேன். ரெண்டு நாள் மிச்சம்னு பெருமை வேற.

மூணே மாசம். சுவர் அங்கங்க பொரிஞ்சு, கை வச்சா உரிஞ்சு வந்துச்சு. தொட்டில்ல தூள் விழுதுன்னு தங்கச்சி கைக்குழந்தையோட ஹாலுக்கு மாறினா. தப்பு பெயின்ட் மேல இல்ல, என் மேல.

ப்ரைமர் என்ன பண்ணுது?

பட்டி பார்த்த சுவர் தண்ணியை வேகமா உறிஞ்சும். நேரா எமல்ஷன் அடிச்சா, அதுல இருக்கிற தண்ணியையும் பசையையும் சுவர் இழுத்துக்கும். மேல தங்குற பெயின்டுக்குப் பிடிப்பு குறையும், திட்டுத்திட்டாவும் தெரியும். ப்ரைமர் அந்த நுண்துளைகளை அடைச்சு, சுவர் ஒரே சீரா உறிஞ்ச வைக்குது.

இன்னொண்ணு, காரம். புது சிமெண்ட் பூச்சோட பிஎச் அளவு 12-க்கு மேல இருக்கும். அந்தக் காரமும் ஈரமும் சேர்ந்து பெயின்டை அரிச்சு, வெள்ளையா உப்பு பூக்க வைக்கும். சிமெண்ட் ப்ரைமர் இதை ஓரளவு தாங்கும், ஆனா காயாத சுவரைக் காப்பாத்தாது. அதனாலதான் புதுப் பூச்சை பொதுவா 28 நாள் விடச் சொல்றாங்க.

வரிசை முக்கியம்

1. காய்ஞ்சிருக்கான்னு பாருங்க. ஒரு பிளாஸ்டிக் ஷீட்டை நாலு பக்கமும் டேப் போட்டு சுவர்ல ஒட்டி, ஒரு நாள் விடுங்க. உள்பக்கம் நீர் கோத்திருந்தா இன்னும் ஈரம் இருக்கு.

2. பழைய சுவர்னா உரியிற பெயின்டைச் சுரண்டுங்க. சுண்ணாம்போ டிஸ்டம்பரோ கையில ஒட்டுற மாதிரி இருந்தா முழுசா எடுத்துடுங்க. அதுக்கு மேல ப்ரைமர் அடிச்சா, ப்ரைமரே சேர்ந்து உரியும்.

3. பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டு, தூசியைத் துடைங்க. நாங்க அடிக்கடி விடுற ஸ்டெப் இந்தத் துடைக்கிறதுதான். அக்ரிலிக் பட்டின்னா அதுக்கு முன்னாடியும் ஒரு கோட் ப்ரைமர் வேணும். வெள்ளை சிமெண்ட் பட்டியை லேசா நனைச்ச பூச்சு மேல நேராவே போடலாம்.

4. இப்போ ப்ரைமர். எவ்வளவு தண்ணி கலக்கணும், எத்தனை மணி நேரம் காயணும்னு டப்பாவிலேயே இருக்கும். நிறைய வரும்னு தண்ணியை ஊத்தினா, அடிச்சும் அடிக்காத மாதிரிதான். முழுசா காய்ஞ்ச பிறகுதான் பெயின்ட்.

ஜன்னல் கிரில்லுக்கு சிமெண்ட் ப்ரைமர் ஆகாது. துருவைக் கம்பி பிரஷ்ஷால தேய்ச்சு எடுத்துட்டு ரெட் ஆக்சைடு அடிக்கணும். மரக்கதவுக்கு வுட் ப்ரைமர்.

ரெண்டு எச்சரிக்கை

பைப் லீக்கோ மழைநீர்க் கசிவோ இருந்தா முதல்ல அதை அடைங்க. உள்ள இருந்து வர்ற தண்ணியை எந்த ப்ரைமரும் நிறுத்தாது.

அப்புறம், பழைய பெயின்டைத் தேய்க்கும்போது குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கமே இருக்கக்கூடாது. வீட்டுப் பெயின்ட்ல ஈயம் 90 பிபிஎம்-ஐத் தாண்டக்கூடாதுங்கிற விதி இந்தியாவுல 2017 நவம்பர்லதான் அமலுக்கு வந்தது. அதுக்கு முன்னாடி அடிச்சதுல ஈயம் இருக்கலாம். உலர் தூள் பறக்காம, நனைச்சுத் தேய்ங்க.

அதே அண்ணனைத்தான் திரும்பக் கூப்பிட்டோம். அவர் எதுவும் சொல்லிக் காட்டல. சுரண்டி, காய வச்சு, முதல்ல இருந்து எல்லாம் செஞ்சாரு. ரெண்டு நாள் மிச்சம் பிடிக்கப் போய் ரெண்டு தடவை கூலி கொடுத்தேன். தொட்டில் இப்போ மறுபடி மாடியில ஆடுது.

உங்க பெயின்டர் "காயட்டும்"னு சொன்னா, தயவுசெஞ்சு காய விடுங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.