எந்த அறைக்கு எந்த வண்ணம்?

துவரம் பருப்பு சாம்பிள் வந்தால் நாம் என்ன செய்கிறோம்? கடைக்குள் டியூப்லைட் வெளிச்சத்தில் பார்த்து விலை பேசுவதில்லை. உள்ளங்கையில் கொட்டிக்கொண்டு வாசலுக்கு வந்து, பகல் வெளிச்சத்தில் புரட்டிப் பார்த்த பிறகே சரக்கை எடுக்கச் சம்மதிக்கிறோம். மிளகாய் வற்றல், மஞ்சள், அரிசி எதுவானாலும் இதுவே வழக்கம்.

ஆனால் வீட்டுக்குப் பெயிண்ட் வாங்கப் போகும்போது இந்தப் பழக்கத்தை மறந்துவிடுகிறோம். கடையில் ஷேடு கார்டைப் புரட்டி, தபால் தலை அளவுள்ள ஒரு கட்டத்தைத் தொட்டுக் காட்டி, 20 லிட்டருக்கு ஆர்டர் கொடுத்துவிடுகிறோம். சுவரில் அடித்த பின், கடையில் பார்த்த நிறம் இதுவல்லவே என்று வருந்திப் பயனில்லை. மெஷினில் கலந்து கொடுத்த பெயிண்டைக் கடைக்காரர் திரும்ப எடுக்க மாட்டார். குறை அவருடையதும் அல்ல.

வெளிச்சம் மாறினால் நிறமும் மாறும்

ஒரு சுவர் என்ன நிறமாகத் தெரியும் என்பதை பெயிண்டும், அந்த அறையில் விழும் வெளிச்சமும் சேர்ந்தே முடிவு செய்கின்றன. காலை வெயிலில் இளமஞ்சளாகத் தெரியும் சுவர், இரவில் வெண்ணீல ஒளி தரும் எல்.இ.டி. பல்பின் கீழ் சோகை பிடித்தாற்போல் வெளுத்துத் தெரியும். பல்பு வாங்கும்போது பெட்டியைப் பாருங்கள். 6500 கே என்றிருந்தால் வெண்ணீல ஒளி. 2700 அல்லது 3000 கே என்றிருந்தால் மஞ்சள் ஒளி. எந்த பல்பு எரியப் போகிறதோ அதன் கீழ்தான் நிறத்தைப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, பரப்பளவு. கார்டில் மென்மையாகத் தெரியும் நிறம் நான்கு சுவரிலும் ஏறியதும் அழுத்தமாகிவிடும். எதிரெதிர்ச் சுவர்கள் ஒன்றின் நிறத்தை மற்றொன்றின் மேல் வீசுவதே இதற்குக் காரணம். ஆகவே கார்டில் மனதுக்குப் பிடித்ததைவிட ஒரு படி வெளிறிய நிறத்தை எடுப்பது நல்லது.

மூன்றாவது, ஈரம். சுண்ணாம்பு, டிஸ்டெம்பர் ஆகியவை ஈரத்தில் அடர்த்தியாகத் தெரிந்து, காய்ந்ததும் வெளுக்கும். எமல்ஷன் பெரும்பாலும் இதற்கு நேர்மாறு. காய்ந்தபின் சற்று அடர்த்தியாகும். பெயிண்டர் அடித்துக்கொண்டிருக்கும்போதே பார்த்து முடிவு சொல்ல வேண்டாம்.

சாம்பிள் பார்க்கும் முறை

ஆகக் குறைந்த அளவு பெயிண்டை வாங்கி, ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் ஒன்றும், ஜன்னல் உள்ள சுவரில் ஒன்றுமாக 2 அடிக்கு 2 அடி சதுரம், இரண்டு கோட் அடிக்கச் சொல்லுங்கள். ஒரு நாள் காயவிட்டு, காலை, உச்சிவேளை, விளக்கு வைத்த பின் என மூன்று வேளை பாருங்கள். மூன்று வேளையும் கண்ணுக்கு உறுத்தாத நிறமே அந்த அறைக்கு உரிய நிறம். இதற்கு ஆகும் சிறு செலவு, அறை முழுவதையும் திரும்ப அடிக்கும் செலவுக்கு முன் ஒன்றுமில்லை.

அறைவாரியாக

நடு அறை: கடைவீதிகளில் முன்னால் கடை, பின்னால் வீடு என்று நீண்டு கிடக்கும் ஒட்டு வீடுகளில் நடு அறைக்கு ஜன்னலே இருக்காது. நல்ல வெள்ளை தன்மேல் விழும் வெளிச்சத்தில் 100க்கு 80 பங்குக்கு மேல் திருப்பித் தரும். கருநீலம், கரும்பச்சை போன்றவை 10 பங்கு அளவே தரும். எனவே இங்கு மேல்தளத்துக்கு வெள்ளை கட்டாயம். சுவருக்கும் சுத்த வெள்ளை அடித்தால் மங்கிய வெளிச்சத்தில் சாம்பல் பூத்தது போலத் தெரியும். கிரீம் அல்லது சந்தன நிறம் பொருந்தும்.

மேற்கு அறை: மாலை வெயில் தானே செம்மஞ்சளாக இருக்கும். அதில் ஆரஞ்சு, ரோஸ் அடித்தால் பார்க்கவே புழுக்கமாக இருக்கும். இளநீலம், இளம்பச்சை கண்ணுக்கு இதம். ஆனால் உள்சுவர் நிறத்தால் வெக்கை குறையும் என்று எண்ண வேண்டாம். வெக்கையைக் குறைக்க மொட்டை மாடிக்கும் மேற்கு வெளிச்சுவருக்கும் வெள்ளை அடிக்க வேண்டும்.

தெற்கு, வடக்கு அறைகள்: தை மாதத்தில் சூரியன் தெற்கே சாய்ந்து போவதால் தெற்கு ஜன்னலில் வெயில் வரும். ஆனியில் நம் பக்கம் சூரியன் வடக்கே நிற்கும். பொங்கலுக்கு அடிக்கும்போது பார்த்த வெளிச்சம் ஆனியில் இருக்காது என்பதை நினைவில் வையுங்கள். வடக்கு அறையில் ஆண்டின் பெரும்பகுதி நேர் வெயில் குறைவு. இளமஞ்சள் அந்தக் குறையை ஈடுசெய்யும்.

சமையலறை: தாளிப்புப் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் படியும் இடம். அழுக்கு தெரியாமலிருக்கக் கருத்த நிறம் அடிப்பவர்கள் உண்டு. அழுக்கு மறையுமே தவிரப் போகாது. துடைத்துக் கழுவக்கூடிய பெயிண்டை வெளிறிய நிறத்தில் அடிப்பதே சுத்தம்.

நடைவழி, மாடிப்படி: கை படும் இடம். பள்ளிக்கூடங்களில் செய்வதுபோல் தரையிலிருந்து 3 அடி உயரத்துக்குக் கழுவக்கூடிய அழுத்தமான நிறமும், மேலே வெளிறிய நிறமும் அடித்தால் பல ஆண்டு தாங்கும்.

ஓதம் ஏறிய சுவருக்கு எந்த நிறமும் நிற்காது. முதலில் நீர்க்கசிவை அடைத்து, சுவரை உலரவிட்டு, பிறகு வண்ணத்தைப் பற்றிப் பேசலாம்.

பழைய பெயிண்டில் உள்ள ஆபத்து

மஞ்சள் தூளில் கலப்படமாகச் சேர்க்கப்படும் ஈயக் குரோமேட்டை நாம் அறிவோம். அதே பொருள்தான் பல்லாண்டுக் காலம் மஞ்சள் பெயிண்டுக்கு நிறம் தந்தது. நீலத்துடன் கலந்து பச்சைக்கும் அதுவே பயன்பட்டது. 2016இல் மத்திய அரசு விதி வகுத்து, 2017 நவம்பர் 1 முதல் வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்றாக்கியது. ஆனால் அதற்கு முன் நம் கதவு, ஜன்னல், கிரில்களில் அடித்த எனாமல் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.

அது பெயராமல் இருக்கும்வரை பெரிய தொல்லை இல்லை. உப்புத்தாள் போட்டு உலரத் தேய்க்கும்போது தூளாகப் பறக்கிறது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இவ்வளவு போனால் கெடுதல் இல்லை என்று சொல்லத்தக்க அளவே கிடையாது. எனவே தண்ணீர் தொட்டுத்தான் தேய்க்கச் சொல்ல வேண்டும். நெருப்பு காட்டி உரிக்க விடக் கூடாது. வேலை முடிந்து ஈரத்துணியால் துடைக்கும்வரை குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கம் வரக் கூடாது. தேய்க்கும் பெயிண்டரும் மூக்கு வாயை மூடிக்கொள்வது அவசியம்.

நம் தொழிலுக்கு இன்னொன்றும் உண்டு. கடையும் வீடும் ஒன்றாக உள்ள இடத்தில், வாய் திறந்த அரிசி மூட்டையும் பருப்பு மூட்டையும் அந்தத் தூளுக்குக் கீழேயே இருக்கும். அவற்றை அப்புறப்படுத்தாமல் தேய்க்க அனுமதித்தால், வாடிக்கையாளர் வீட்டுக் குழந்தைக்கும் நாமே ஈயத்தை எடைபோட்டுக் கொடுத்தவர்களாவோம்.

அளவுக் கணக்கு

12 அடிக்கு 10 அடி அறை, உயரம் 10 அடி என்றால் சுற்றளவு 44 அடி. சுவர்ப் பரப்பு 440 சதுர அடி. 7 அடிக்கு 3 அடி கதவு ஒன்றும், 4 அடிக்கு 4 அடி ஜன்னல் இரண்டுமாக 53 சதுர அடி கழித்தால் 387. மேல்தளம் தனியாக 120. டப்பாவில் ஒரு லிட்டருக்கு எத்தனை சதுர அடி என்று எழுதியிருக்கும். அது ஒரு கோட்டுக்கா, இரண்டு கோட்டுக்கா என்று பார்த்து வகுத்துக்கொள்ளுங்கள்.

ஓர் அறைக்கு வேண்டியதை ஒரே தடவையில் கலந்து வாங்குவதே நல்லது. இரண்டாம் தடவை கலந்தது சிறிதாவது வித்தியாசப்படலாம். பெயிண்டின் பெயர், ஷேடு எண், வாங்கிய தேதி மூன்றையும் ஒரு சீட்டில் எழுதி அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டி வையுங்கள். அடுத்த ஆண்டு ஆணி அடித்த இடத்தைப் பூசும்போது அந்தச் சீட்டு உதவும்.