எழுத்தை நம்பிய வாழ்வு (9): சன்மானம் வரும் தேதி

சொந்தமாகக் கதை எழுதுவதும், பிறர் எழுதிய கைப்பிரதிகளைச் செப்பனிட்டுக் கொடுத்து அதில் வரும் கூலியைக் கொண்டு குடும்பம் நடத்துவதும் ஆகிய இரண்டு தொழில்களை ஒரே மேஜையில் வைத்துக்கொண்டிருப்பவனுடைய பொழுது எவ்வாறு கழிகிறது என்பதைச் சென்ற சில வாரங்களாகச் சொல்லி வந்தேன். அது எவ்வாறு கழிகிறது என்பதைக் காட்டிலும், எதன் பலத்தில் கழிகிறது என்பதே முக்கியமான விஷயம் என்று நான் கருதுவதால், இந்த வாரம் பணத்தைப் பற்றி எழுதப் போகிறேன். பணத்தைப் பற்றிப் பேசுவது இலக்கியத்துக்கு இழுக்கு என்று எண்ணும் வழக்கம் நம்மிடையே நெடுங்காலமாக இருந்துவருகிறது. அந்த வழக்கத்தினால் எழுத்தாளர்கள் அடைந்த நஷ்டம் கொஞ்சநஞ்சமல்ல.

புனே நகரத்தில், ராஸ்தா பேட் பகுதியில், தமிழ்க் குடும்பங்கள் மூன்று நான்கு தலைமுறைகளாக வாழ்ந்துவரும் தெருக்களில் ஒன்றில் இருந்துகொண்டு நான் இத்தொழிலைச் செய்துவருகிறேன். காலை பத்து மணி வரையில் என் நாவல். அதன் பிறகு விளக்கு வைக்கும் நேரம் வரையில் பிறருடைய பக்கங்கள். செப்பனிடுதல் என்றால் ஒற்று மிகும் இடத்தையும் மிகா இடத்தையும் பார்த்துத் திருத்துவதுதானே என்று பலர் நினைக்கிறார்கள். அதுவும் உண்டு, ஆனால் அது வேலையின் எளிய பகுதி. இரண்டாம் அத்தியாயத்தில் விதவையாக வந்த அத்தை பதினோராம் அத்தியாயத்தில் புருஷனுக்குச் சாதம் பரிமாறுவதையும், 1940களில் நடக்கும் கதையில் தகப்பனார் மகன் கையில் ஐம்பது நயா பைசா கொடுப்பதையும் (நயா பைசா புழக்கத்துக்கு வந்தது 1957 ஏப்ரல் முதல் தேதியன்று) கண்டுபிடித்து, எழுதியவருடைய மனம் நோகாதபடி ஓரத்தில் குறித்து அனுப்ப வேண்டும்.

சமீபத்தில் இவ்வூர்த் தமிழ்க் குடும்பம் ஒன்றைப் பற்றிய நாவல் என்னிடம் வந்தது. அதில் 1961ஆம் வருஷத்துப் பான்ஷேத் வெள்ளம் ஒரு முக்கியமான சம்பவம். நள்ளிரவில், எல்லாரும் உறங்கிக்கொண்டிருக்கையில், தண்ணீர் வீட்டுக்குள் புகுவதாக ஆசிரியை எழுதியிருந்தார். உண்மையில் பான்ஷேத் அணை உடைந்தது ஜூலை 12ஆம் தேதி காலையில். அதன் நீர் வந்து மோதிக் கடக்வாஸ்லாவின் பழைய அணையும் தாங்காமற்போக, முட்டா நதி பட்டப்பகலில் நகருக்குள் ஏறி, லக்டி புல் பாலத்தை மூழ்கடித்து, நாராயண் பேட், சனிவார் பேட் வீடுகளை வாரிக்கொண்டு போயிற்று. நான் குறித்து அனுப்பியதும் அவ்வம்மாள் தொலைபேசியில் அழைத்தார். "நான் எப்படி சார் மாற்றுவேன்? எங்கம்மா சாகிற வரைக்கும் ராத்திரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள்" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. தாயாருக்கு அப்போது ஏழு வயது. வீடிழந்து, ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தில், விளக்கில்லாமல், தகப்பனார் திரும்பி வருவாரோ மாட்டாரோ என்று காத்திருந்த அந்த இரவுதான் குழந்தையின் மனத்தில் வெள்ளமாக நின்றுவிட்டது. ஆகவே தண்ணீர் பகலில் வரட்டும், அத்தியாயம் இரவில் நடக்கட்டும் என்று இருவரும் பேசி முடிவு செய்தோம். அவர் அதைத் திருப்பி எழுதி அனுப்பியபோது, நாவலிலேயே மிகச் சிறந்த பகுதியாக அது அமைந்திருந்தது. அந்த ஒரு பக்கத்துக்காக நாங்கள் செலவிட்ட நேரம் ஒரு முழு நாளுக்குக் குறையாது. பக்கத்துக்கு இவ்வளவு என்று பேசிக்கொண்ட கூலியில் அந்த நாளுக்குக் கிடைத்ததோ ஒரு பக்கத்தின் பணம். இதைக் குறையாகச் சொல்லவில்லை. இத்தொழிலின் சுபாவம் அது என்பதும், இத்தகைய நாட்களைத் தாங்குவதற்கு வேறு எங்கிருந்தாவது ஒரு நிச்சயம் தேவைப்படுகிறது என்பதும் தெரிவதற்காகவே சொல்கிறேன்.

அந்த நிச்சயம் கிடைத்த ஓர் எழுத்தாளர் இவ்வூரிலேயே வாழ்ந்தார். புத்தகக் கடைகள் நெருக்கமாக உள்ள அப்பா பல்வந்த் சௌக் பக்கம் போகும்போதெல்லாம் ஆனந்தாசிரமத்தின் வாயிலைப் பார்த்துக்கொண்டு நிற்பது எனக்கு வழக்கம். சம்ஸ்கிருத ஏடுகளைச் சேகரித்து, ஒப்புநோக்கி, அச்சிட்டு வெளியிடுவதற்காக மகாதேவ சிம்ணாஜி ஆப்டே என்ற வழக்கறிஞர் 1880களின் பிற்பகுதியில் நிறுவிய ஸ்தாபனம் அது. அதன் நிர்வாகப் பொறுப்பு அவருடைய சகோதரர் மகன் முறையினரான ஹரி நாராயண் ஆப்டேயிடம் வந்தது. 1864இல் பிறந்து, சர்வகலாசாலைப் பட்டம் பெறாமலே படிப்பை விட்ட அந்த இளைஞர்தான் மராத்தி நாவலுக்கு உருவம் கொடுத்தவர். 1890இல் 'கரமணூக்' என்ற வாரப் பத்திரிகையைத் தொடங்கி, ஏறத்தாழ இருபத்தேழு வருஷங்கள் நடத்தினார். அதில் வாரந்தோறும் தம் நாவலின் அத்தியாயத்தைத் தாமே எழுதி, தாமே அச்சுக்குக் கொடுத்தார். யமுனா என்ற பெண் தன் வாயாலேயே தன் துயரக் கதையைச் சொல்வதாக அமைந்த 'பண் லக்ஷ்யாத் கோண் கேதோ' என்ற நாவல் அந்தப் பத்திரிகையின் ஆரம்ப வருஷங்களில் வெளிவந்ததே.

பகலில் ஏடு, பத்திரிகை, நகரசபை வேலைகள். இடையில் வாரத்துக்கோர் அத்தியாயம். இந்தச் சுமையில் அவருடைய நாவல்கள் சில முற்றுப்பெறாமலே நின்றுபோனதை விமரிசகர்கள் குறையாகச் சொல்வதுண்டு. நான் அதை வேறு விதமாகப் பார்க்கிறேன். முற்றுப்பெற்ற நாவல்கள் முற்றுப்பெற்றதற்கு ஆனந்தாசிரமம் ஒரு காரணம். நாளைக்கு அரிசி உண்டா என்ற கேள்வி எழாத வீட்டிலிருந்துதான் அந்த யமுனாவின் கண்ணீரை அவசரமில்லாமல், பக்கம் பக்கமாக, ஒரு சொல்லும் மிகையாகாதபடி எழுத முடிந்தது. அதே வருஷங்களில், அதாவது 1893 முதல் 1895 வரையில், சென்னையில் 'விவேக சிந்தாமணி'யில் 'கமலாம்பாள் சரித்திர'த்தை மாதந்தோறும் எழுதிய ராஜமையர், பின்னர் 'பிரபுத்த பாரத'த்தின் ஆசிரியப் பொறுப்பையும் ஏற்று, 1898இல், இருபத்தாறு வயதில் காலமானார். தமிழ் நாவலுக்கு ஓர் ஆப்டே வாய்க்காமல் போனதற்கு அந்த மரணம் எவ்வளவு காரணம் என்று நான் அடிக்கடி எண்ணுவதுண்டு.

இதே பூனாவுக்கு, அரை நூற்றாண்டு கழித்து, நிச்சயம் ஏதும் இல்லாத ஒரு தமிழ் எழுத்தாளர் வந்து சேர்ந்தார். புதுமைப்பித்தன் என்ற சொ. விருத்தாசலம் 1930களின் நடுவில் 'தினமணி'யின் ஆசிரியர் குழுவில் சேர்ந்து, 1943 வரையில் அங்கே உழைத்தவர். அவரைச் சோம்பேறி மேதை என்றும், பொறுப்பில்லாதவர் என்றும் சித்திரிக்கும் கதைகளை நான் ஏற்பதில்லை. தந்திச் செய்திகளைத் தமிழாக்கி, ஆண்டு மலர்களைத் தொகுத்து, புத்தக மதிப்புரைகள் எழுதி, மேரி ஷெல்லியின் நாவலைப் 'பிரேத மனிதன்' என்று தமிழில் கொண்டுவந்து, உலகத்துச் சிறுகதைகளைக் கட்டுக்கட்டாக மொழிபெயர்த்து, இவற்றுக்கு நடுவே தம் கதைகளையும் எழுதிய ஒருவரைச் சோம்பேறி என்று சொல்வதற்கு மனம் வரக்கூடாது. அவருடைய வாக்கியத்தில் ஒரு சொல்லையும் எடுக்க முடியாதபடி இருக்கும் அந்த இறுக்கம், இரவு அச்சு ஏறுவதற்குள் செய்தியைச் சுருக்கிக் கொடுக்க வேண்டிய மேஜையில் பழகி வந்தது என்பது என் திடமான அபிப்பிராயம். பத்திரிகையாசிரியராக வாழ்வதன் அவஸ்தையை அறிந்தவர் என்பதனால்தான், 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' என்ற கதையில், வைத்தியப் பத்திரிகை நடத்தும் ஒரு மனிதரைக் கடவுளிடமே ஜீவிய சந்தா கேட்க வைக்க அவரால் முடிந்தது.

நிர்வாகத்துடன் ஏற்பட்ட மனஸ்தாபத்தினால் ஆசிரியர் டி. எஸ். சொக்கலிங்கம் 'தினமணி'யை விட்டு விலகியபோது, அவருடன் வெளியேறியவர்களில் புதுமைப்பித்தனும் ஒருவர். அதன் பின் மாதச் சம்பளம் அவருக்கு நிலைக்கவில்லை. சினிமாவில் எழுதினால் குடும்பத்தை நிமிர்த்திவிடலாம் என்று நம்பினார். ஜெமினியின் 'அவ்வையார்' படத்துக்காக உழைத்தார். 'பர்வதகுமாரி புரொடக்ஷன்ஸ்' என்று சொந்தமாகவே ஒரு கம்பெனி தொடங்கி, 'வசந்தவல்லி' என்ற படம் எடுக்க முயன்று, அது கைகூடாமல் நஷ்டப்பட்டார். 1947இல் சிறையிலிருந்து விடுதலையான தியாகராஜ பாகவதர் 'ராஜமுக்தி' என்ற படத்தை எடுக்கத் தொடங்கி, படப்பிடிப்பைப் பூனாவில் வைத்துக்கொண்டார். வசனம் எழுதும் வேலை புதுமைப்பித்தனுக்குக் கிடைத்தது. மனைவியையும் கைக்குழந்தையான மகளையும் விட்டு இவ்வளவு தூரம் வந்து, இங்கே காசநோய் முற்றி, 1948இல் திருவனந்தபுரத்துக்குத் திரும்பி, அவ்வாண்டிலேயே நாற்பத்திரண்டு வயதில் இறந்துபோனார். ஸ்ட்ரெப்டோமைசின் 1943இலேயே கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. ஆனால் நம் நாட்டில் 1948இல் ஒரு வசனகர்த்தாவின் கைக்கு எளிதில் எட்டக்கூடிய மருந்தாக அது இருக்கவில்லை. படம் அவர் மறைந்த பின்புதான் வெளிவந்தது.

அவர் தம் மனைவிக்கு எழுதிய கடிதங்கள் பின்னாளில் 'கண்மணி கமலாவுக்கு' என்ற நூலாக வந்தன. தமிழில் எழுதிப் பிழைக்க எண்ணுகிறவர்கள் அவருடைய கதைகளோடு அந்தக் கடிதங்களையும் படிக்க வேண்டும் என்பேன். அன்பும் ஏக்கமும் ததும்பும் அக்கடிதங்களில் பணம் என்ற விஷயம் ஓயாமல் வந்துகொண்டே இருக்கிறது: வர வேண்டிய பணம், வந்ததும் அனுப்பப்போகும் பணம், வராமற்போன பணம். அவரை உழைப்பு வீழ்த்தவில்லை. உழைத்ததற்கு உரிய பணம் எந்தத் தேதியில் வரும் என்று தெரியாத நிலைதான் அவரை ஊர் ஊராக அலைய வைத்தது. வறுமைதான் இலக்கியத்தை விளைவிக்கிறது என்று மேடைகளில் பேசுகிறவர்களைக் கேட்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. அந்த நாற்பத்திரண்டு வயதுக்கு மேல் அவர் எழுதியிருக்கக்கூடிய கதைகளுக்கு யார் கணக்குச் சொல்வார்கள்?

நிச்சயமான பணம் இருந்தால் செப்பனிடும் தொழில் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கும் புனேயிலேயே சான்று உண்டு. பண்டார்க்கர் ஆராய்ச்சி நிலையம் 1919இல் தொடங்கிய மகாபாரதச் செம்பதிப்பு 1966இல் முற்றுப்பெற்றது. 1925இல் பொறுப்பேற்ற சுக்தங்கர் 1943இல் காலமாக, வேலை கைமாறித் தொடர்ந்தது. காஷ்மீரத்துச் சாரதா ஏடுகள் முதல் தென்னாட்டுக் கிரந்த, மலையாள ஏடுகள் வரை சுலோகம் சுலோகமாக ஒப்பிட்டார்கள். ஔந்த் சமஸ்தானத்து ராஜா ஒரு லட்சம் ரூபாய் தருவதாக முன்வந்ததுதான் அதற்குத் தொடக்க பலம். ஒரு தலைமுறையில் முடியாத வேலையை இன்னொரு தலைமுறை எடுத்து முடித்ததற்கு, மாதம் பிறந்தால் சம்பளம் வரும் என்ற நம்பிக்கையும் காரணம்.

எனக்கு ராஜாவும் இல்லை, ஆனந்தாசிரமமும் இல்லை. ஆகையால் சட்டத்தைப் படித்து வைத்துக்கொண்டேன். 1957ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, உரிமையை ஒப்படைக்கும் பத்திரத்தில் காலம் குறிக்கப்படாவிட்டால் அது ஐந்து வருஷத்துக்கு என்றே கொள்ளப்படும். எந்த நாட்டுக்கு என்று குறிக்கப்படாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும். நம் எழுத்தாளர்களில் பெரும்பாலோர் இதை அறியாமல் கையெழுத்துப் போடுகிறார்கள். அதேபோல, சிறுதொழில் செய்வோருக்கான 2006ஆம் வருஷச் சட்டத்தின்கீழ்த் தம்மைக் குறுந்தொழிலாகப் பதிவு செய்துகொண்ட ஒருவருக்கு, வேலையை ஏற்றுக்கொண்டவர் அதிகபட்சம் நாற்பத்தைந்து நாட்களுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் வட்டியும் உண்டு. அறையில் தனியே அமர்ந்து மெய்ப்புப் பார்ப்பவனுக்கும் இது பொருந்தும் என்பது எனக்கே தாமதமாகத்தான் தெரியவந்தது. ஒரு பதிப்பகம் எனக்குத் தர வேண்டிய தொகையை ஒரு வருஷத்துக்கு மேலாகத் தராமல் இழுத்தடித்தபோது, இந்தச் சட்டத்தைக் குறிப்பிட்டு மரியாதையாக ஒரு கடிதம் எழுதினேன். பணம் வந்தது. வேலை வருவது நின்றது. அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

மராத்தியில் தீபாவளி மலர்கள் ஒரு பெரிய ஸ்தாபனம். 1909இல் காசிநாத் ரகுநாத் மித்ர 'மனோரஞ்சன்' பத்திரிகைக்குத் தீபாவளிச் சிறப்பிதழ் கொண்டுவந்த நாள் முதலாக அது வளர்ந்து, இன்று நூற்றுக்கணக்கான மலர்கள் வருகின்றன. சதாசிவ் பேட்டிலிருந்து வெளிவரும் அத்தகைய மலர் ஒன்றின் ஆசிரியர், தமிழ்ச் சிறுகதை பற்றிக் கட்டுரை கேட்டு ஆஷாட மாதத்தில் எனக்குக் கடிதம் அனுப்பினார். எத்தனை சொல், எந்தத் தேதிக்குள் வேண்டும், சன்மானம் எவ்வளவு, அது எந்தத் தேதியில் வங்கியில் சேரும் என்ற நான்கும் அந்த ஒரே பக்கத்தில் இருந்தன. சொன்ன தேதியில் பணமும் சேர்ந்தது. அந்தக் கடிதத்தைத் தமிழில் பெயர்த்து, எனக்கு வேலை தரும் தமிழ்ப் பத்திரிகைகளுக்கும் பதிப்பாளர்களுக்கும் அனுப்பி, இனி இவ்வாறே எழுதிக் கேட்க வேண்டும் என்று விண்ணப்பித்துக்கொண்டேன். பலர் பதில் எழுதவில்லை. ஒருவர், பொங்கல் மலரிலிருந்து எல்லா எழுத்தாளர்களுக்கும் அவ்விதமே எழுதுவதாக ஒப்புக்கொண்டு, தேதி குறிக்கும் இடத்தைக் காலியாக விட்ட மாதிரிக் கடிதம் ஒன்றையும் அனுப்பியிருக்கிறார். மாதத்தின் பத்தாம் தேதி என்று அதில் எழுதி, இன்று காலையில் திருப்பி அனுப்பினேன்.

(அடுத்த வாரம்: கைப்பிரதியைத் திருப்பி அனுப்புவது எப்படி)