மாலை கழற்றிய பிறகு

கார்த்திகை பிறந்தால் கொங்கு நாட்டில் பல வீடுகளில் பெண்கள் நிம்மதியாகத் தூங்குவார்கள். வருஷம் முழுக்கக் குடித்தவர் ஐயப்பனுக்கு மாலை போட்டிருப்பார். சோமனூர்த் தறிக்காரரோ, திருப்பூர் பனியன் கம்பெனி டெய்லரோ, பொள்ளாச்சி லாரி டிரைவரோ, அந்த விரத நாள் முழுக்கச் சொட்டுகூடத் தொடமாட்டார். மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றிய வாரமே பழைய கதை. "சாமிக்குப் பயந்தவன் பொண்டாட்டி புள்ளைய நினைக்கலையே" என்று ஊர் பேசும். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

அந்த நாட்களில் அவரைச் சுற்றி என்ன இருந்தது என்று பாருங்கள். சின்னப் பிள்ளைகூட 'சாமி' என்று கூப்பிட்டது. 'ஒரு கட்டிங் போடலாம், வா மாப்ள' என்று யாரும் கையைப் பிடித்து இழுக்கவில்லை. குடிக்கிற நேரமான சாயங்காலம் பஜனைக்குப் போனது. மனசு தடுமாறினால் சொல்லிக்கொள்ள குருசாமி இருந்தார். மாலையோடு சேர்ந்து இத்தனையும் ஒரே நாளில் கழன்றுவிடுகின்றன. உறுதி அவரிடம் இருந்தது. தாங்கிப் பிடித்த ஆட்கள்தான் கலைந்துபோனார்கள்.

தாங்கிப் பிடிக்க ஆள் வேண்டும் என்பதை அமெரிக்காவில் பில் வில்சன் என்பவர் 1935 மே மாதம் உணர்ந்தார். பங்குச் சந்தை ஆள். குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. தொழில் விஷயமாக ஆக்ரன் நகருக்கு வந்து, காரியம் கெட்டு, ஓட்டல் முகப்பில் தனியாக நின்றார். பக்கத்திலேயே பார். அவரோ டெலிபோனைத் தேடிப் போனார். பேசுவதற்கு இன்னொரு குடிநோயாளி வேண்டும் என்று பாதிரியார்களிடம் கேட்டார். அப்படிக் கிடைத்தவர் டாக்டர் பாப் ஸ்மித், அறுவைச் சிகிச்சை மருத்துவர். அந்தப் பேச்சில் பில் தப்பினார். சில வாரங்களில் டாக்டரும் குடியை விட்டார். டாக்டர் கடைசியாகக் குடித்த ஜூன் 10-ஐத்தான் அவர்கள் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (ஏ.ஏ.) அமைப்பு தன் பிறந்த நாளாகக் கொண்டாடுகிறது.

கோவையிலும் ஏ.ஏ. கூட்டங்கள் நடக்கின்றன. கட்டணம் இல்லை. குடியை நிறுத்தும் ஆசை இருந்தால் உள்ளே போகலாம். 'எந்த ஊருங்க, யார் வூட்டுப் பையனுங்க' என்று ஆரம்பிக்கும் நம் வழக்கத்துக்கு அங்கே இடமில்லை. மில் முதலாளியும் தொழிலாளியும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்காரலாம். இன்றைக்கு ஒரு நாள் குடிக்காமல் இருப்போம் என்பதே அங்கே கணக்கு. வீட்டாருக்கு அல்-அனான் என்ற தனிக் கூட்டம் உண்டு. பெண்கள் வெட்கத்தை விட்டு அங்கே போக வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. பல வருஷம் தினமும் குடித்தவர் தானாகவே சட்டென்று நிறுத்துவது ஆபத்து. சில மணி நேரத்தில் கை நடுங்கும். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். அதன் பிறகு இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரியும், உயிருக்கே வினையாகலாம். மாலை போடுவதானாலும் முதலில் மருத்துவரைப் பாருங்கள். அதே போல, 'அவருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலந்து கொடுங்கள்' என்று விற்கும் மருந்துகளை நம்பாதீர்கள். குடியை நிறுத்தத் தரப்படும் டைசல்ஃபிராம் மாத்திரை உள்ளே இருக்கும்போது குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து ஆளே போய்விடக்கூடும். நோயாளியின் சம்மதத்தோடு, மருத்துவர் கண்காணிப்பில் மட்டுமே தர வேண்டிய மருந்து அது.

குடிக்கு எதிரான முயற்சி நம் பக்கத்துக்குப் புதிதல்ல. ராஜாஜி திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்திலிருந்து மதுவிலக்குக்காகவே 'விமோசனம்' இதழை நடத்தினார். கல்கி அதில் துணையாக இருந்தார். 1937 அக்டோபர் 1-ஆம் தேதி மதுவிலக்கு முதலில் வந்ததும் சேலம் மாவட்டத்தில்தான். பிறகு சட்டம் தளர்ந்தது, திரும்ப வந்தது, மறுபடி போனது. 2003 முதல் சில்லறை விற்பனையும் அரசின் டாஸ்மாக் கையில். கடைகளைக் குறைக்கச் சொல்லிப் போராடுவது நியாயம். ஆனால் சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர் கடைகள் குறையும்வரை காத்திருக்க முடியாது. அவருக்கு இந்தச் சனிக்கிழமை சம்பளம் கையில் வரும்.

அந்தச் சாயங்காலம் மச்சானோ பங்காளியோ அவரோடு இருங்கள். கெடா விருந்தில் 'எனக்காக ஒண்ணே ஒண்ணு' என்று தம்ளரை நீட்டாதீர்கள். மறுபடி குடித்துவிட்டு வந்தால் திட்டாமல் திரும்பவும் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். இந்த நோயில் சறுக்கல் சகஜம். தனியார் மையத்தில் சேர்ப்பதானால் 2017-ஆம் வருஷ மனநலச் சட்டப்படி பதிவு பெற்றதா என்று கேளுங்கள். கட்டிப்போடும் இடமென்றால் திரும்பிவிடுங்கள். சங்கிலியால் பிணைப்பதை அந்தச் சட்டம் தடுக்கிறது. யாரைக் கேட்பது என்று தெரியாவிட்டால் 14416 என்ற மனநல உதவி எண்ணையோ, 14446 என்ற போதை மீட்பு எண்ணையோ கூப்பிடுங்கள். இரண்டுக்கும் கட்டணம் இல்லை.