எட்டாம் நம்பர் வாசலும் என் கண்ணும்

முதலிலேயே சொல்லிடறேன்: இதில் 'தி எக்ஸிட் 8' கேமின் சில திகில்களை உடைச்சுப் பேசப் போறேன். விளையாடணும்னு நினைக்கிறவங்க முதலில் விளையாடிட்டு வாங்க. ஒரு மணி நேரம் கூட ஆகாது. கட்டுரை ஓடிப்போயிடாது.

2023 நவம்பர் கடைசியில் ஸ்டீமில் வந்த கேம். செய்தவர் கோட்டாக்கே கிரியேட் என்ற பெயரில் இயங்கும் ஒரு ஜப்பானியர். விளையாட்டின் களம் மொத்தமும் ஒரே ஒரு சுரங்க நடைபாதை. ஜப்பான் மெட்ரோ ஸ்டேஷன்களில் இருக்குமே, வெள்ளை டைல்ஸ், டியூப்லைட், சுவரில் வரிசையாக விளம்பரப் போஸ்டர், எதிர்ப்பக்கம் பூட்டிய கதவுகள், தலைக்கு மேல் மஞ்சள் நிற வழிகாட்டிப் பலகை. எதிரே ஒரு ஆள், வெள்ளைச் சட்டை, கையில் பை, ஆஃபீஸ் முடிஞ்சு வீட்டுக்குப் போற முகம். நம்மைக் கடந்து போயிடறார். நாம மூலை திரும்பினால் மறுபடி அதே பாதை, அதே போஸ்டர், அதே ஆள்.

விதி ரொம்ப எளிமை. பாதையில் ஏதாவது மாறியிருந்தால் வந்த வழியே திரும்பணும். எதுவும் மாறலைன்னா நேரே போகணும். சரியாகச் செய்தால் பலகையில் எண் ஒன்று கூடும். தப்பினால் 0. எட்டாம் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தால் வெளியே வந்துடலாம். துப்பாக்கி கிடையாது, சாவி தேடற வேலை கிடையாது, பின்னணி இசைன்னு சொல்ற மாதிரி ஒண்ணும் கிடையாது. நம்ம காலடிச் சத்தமும் விளக்கின் மெல்லிய ரீங்காரமும்தான்.

இதில் என்ன பயம்னு நானும் கேட்டேன். முதல் நாள் ராத்திரி பதினொரு மணிக்கு, எல்லாரும் தூங்கின பிறகு ஆரம்பிச்சேன். முதல் சில நடை சுலபம். ஒரு தடவை எல்லா விளக்கும் அணைஞ்சது, திரும்பினேன். ஒரு தடவை கதவின் கைப்பிடி இடம் மாறியிருந்தது, திரும்பினேன். நாலு வரைக்கும் வந்தாச்சு. சிரிச்சுக்கிட்டே நடந்தேன், பலகையில் 0. என்ன தப்புன்னு கேம் சொல்லாது. அங்கேதான் பயம் ஆரம்பிக்குது.

அதுக்கப்புறம் எல்லாமே சந்தேகம். இந்தப் போஸ்டரில் இருக்கிற பெண்ணின் கண் முன்னாடியும் என்னைத்தான் பார்த்துதா? அந்தக் கேமராவில் சிவப்பு விளக்கு இருந்ததா? எதிரே வர்றவர் இவ்வளவு உயரமா? இல்லாத மாற்றத்தைப் பார்த்துட்டுத் திரும்பினேன், மறுபடி 0. பேய்ப்படத்தில் நாம பயப்படறது திரையில் வர்ற உருவத்துக்கு. இதில் நான் பயந்தது என் ஞாபகத்துக்கு. நாற்பத்தஞ்சு வயசு ஆளுக்கு அது கொஞ்சம் கூடுதலாகவே உறைக்கும்.

கண் இப்படி ஏமாறுவது புதுச் செய்தி இல்லை. 1998-இல் டேனியல் சைமன்ஸ், டேனியல் லெவின் இருவரும் வெளியிட்ட சோதனை பிரபலம். ஒருவர் வழிப்போக்கரிடம் வழி கேட்பார். நடுவில் இரண்டு பேர் ஒரு பெரிய கதவைத் தூக்கிக்கிட்டு குறுக்கே போவாங்க. அந்த மறைவில் வழி கேட்டவர் மாறி வேறொரு ஆள் நிற்பார். ஏறக்குறைய பாதிப் பேர் ஆள் மாறினதையே கவனிக்கலை. இதை உளவியலில் மாற்றக் குருடுன்னு சொல்லலாம். காட்சியை மனசு முழுசா போட்டோ எடுத்து வைக்கறதில்லை. 'போஸ்டர் இருக்கு, கதவு இருக்கு, ஒரு ஆள் வர்றார்' என்று ஒரு சுருக்கக் குறிப்புதான் எழுதி வைக்குது. சுருக்கத்தில் இல்லாதது மாறினால் நமக்குத் தெரிய வழியே இல்லை.

ஆனால் இது பாதிக் கதைதான். மீதிப் பாதி, இல்லாததைப் பார்ப்பது. இதுக்கு சிக்னல் டிடெக்ஷன் தியரி என்ற கணக்கு கை கொடுக்கும். ரேடார் காலத்தில் பிறந்து 1950-களில் உளவியலுக்குள் வந்த கோட்பாடு. திரையில் ஒரு புள்ளி மின்னுது. அது விமானமா, வெறும் இரைச்சலா? விமானத்தை விட்டுட்டால் அது தவறவிட்டது. இரைச்சலைப் பார்த்து மணி அடித்தால் அது பொய் மணி. ஒரே கண், ஒரே திறமை இருக்கும்போது இந்த ரெண்டையும் சேர்த்துக் குறைக்க முடியாது. 'எவ்வளவு சந்தேகம் வந்தால் மணி அடிப்பேன்' என்ற கோட்டை இந்தப் பக்கம் நகர்த்தினால் பொய் மணி கூடும், அந்தப் பக்கம் நகர்த்தினால் தவறவிடுவது கூடும்.

எக்ஸிட் 8-ன் சாமர்த்தியம் என்னன்னா, ரெண்டு தப்புக்கும் ஒரே விலை, நேரே 0. அதனால் கோட்டை எந்தப் பக்கமும் ஒதுக்கி வெச்சு ஒப்பேத்த முடியாது. என் மகள் முயற்சி பண்ணினாள். "அப்பா, எல்லாத்துக்கும் திரும்பிட்டே இருந்தா?" என்று கேட்டு, மாற்றம் இல்லாத பாதை வந்த உடனே மாட்டிக்கிட்டாள். எப்பவும் திரும்பறதுன்னு வெச்சால், மாற்றம் வரும் வாய்ப்பு எவ்வளவோ அவ்வளவுதான் உங்க திறமை.

எட்டு தடவை தொடர்ச்சியாகச் சரியாக இருக்கணும் என்பது எவ்வளவு கொடுமைன்னு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு நடையில் சரியாக முடிவெடுக்க வாய்ப்பு p என்று வைங்க. ஒரு படி வரை ஏற சராசரியாக E நடை ஆகுதுன்னா, அடுத்த படி வரை ஏற E-யோட ஒண்ணைக் கூட்டி p-ஆல் வகுக்கணும். தப்பினால் முதலிலிருந்து என்பதால் வரும் சூத்திரம் இது. காசு சுண்டி முடிவெடுக்கிறவருக்கு p பாதி. அவருக்கு 2, 6, 14, 30, 62 என்று ஏறி எட்டாம் படிக்கு 510 நடை ஆகும். ஒரு நடைக்கு அரை நிமிஷம்னா நாலேகால் மணி நேரம். p 0.7 ஆனால் சுமார் 54 நடை. 0.8-க்கு 25. 0.9-க்கு 13. அதுக்கு மேலே 0.95 ஆனாலும் 10-க்குக் கீழே வராது, எட்டு நடை எப்படியும் நடந்தாகணுமே.

இந்த வரிசையைப் பார்த்தால் கேம் செய்தவர் எங்கே கை வெச்சிருக்கார்னு புரியும். சுமாராகக் கவனிக்கிறவர் கொஞ்சம் கூடுதலாகக் கவனிச்சால் பலன் பாய்ச்சலாக வருது. நேற்று முடியாதது இன்னிக்கு முடியுது. "நான் தேறிட்டேன்" என்ற உணர்வு கிடைக்குது. நிஜத்தில் p எல்லா நடைக்கும் ஒன்றாக இருக்காது. சிவப்பு நீர் வெள்ளமாக வரும்போது யாரும் தவறவிட மாட்டாங்க. சுவர் டைல்ஸோடு டைல்ஸாக ஒரு ஆள் ஒட்டி நிற்கும்போது நான் ரெண்டு தடவை விட்டேன். மொத்தம் முப்பதுக்கு மேல் மாற்றங்கள், அதில் பெரிசையும் பொடிசையும் கலந்து போட்டிருப்பதுதான் கைப்பக்குவம். பெருசு வந்து அலற வெச்ச பிறகு அடுத்து வரும் பொடிசைக் கண் பார்ப்பதே இல்லை.

இங்கே ஒரு விஷயம் சொல்லணும். இந்தக் கேமை நான் இவ்வளவு நோண்டினதுக்குக் காரணம் அதுதான்.

என் வேலையில் வாரா வாரம் ரிலீஸ் போகும். போறதுக்கு முன்னாடி பழைய அமைப்பையும் புது அமைப்பையும் பக்கத்தில் வெச்சுப் பார்த்து 'சரி' போடறது என் பொறுப்பு. யோசிச்சால் அதுவும் அந்த நடைபாதைதான். டீமில் ஒரு பையன், வந்து ஒரு வருஷம் ஆகியிருக்கும். ஆரம்பத்தில் ஒவ்வொரு ரிலீஸுக்கும் நாலு சந்தேகம் கேட்பான். "அண்ணா, இந்த டைம்அவுட் முன்னாடி இதுவா இருந்தது?" பார்த்தால் ஒண்ணும் இருக்காது. மூணு நாலு தடவை ஆனதும் எல்லார் முன்னாடியும் சொன்னேன்: "எல்லாத்தையும் சந்தேகப்பட்டா வேலை ஓடாதுப்பா." அவன் கேட்பதை நிறுத்திட்டான். சில மாதம் கழிச்சு ஒரு எண்ணில் ஒரு பூஜ்யம் கூடுதலாகப் போனதை நான் பார்க்காமல் 'சரி' போட்டேன். ராத்திரி முழுக்க உட்கார்ந்து சரி பண்ணினோம். காலையில் அவன் மெதுவாகச் சொன்னான், "பார்த்தேன் அண்ணா. ஆனா நானா தப்பாப் பாக்கறேனோன்னு விட்டுட்டேன்."

அவன் கண்ணில் குறை இல்லை. அவனோட கோட்டை நான்தான் நகர்த்தினேன். பொய் மணிக்கு மட்டும் விலை வெச்சேன். அந்த விலையை அவன் கட்டாமல் இருக்க ஒரே வழி மணியே அடிக்காமல் இருப்பது. கேமில் மூணாவது தடவை 0 பார்த்தபோது நானும் அதேதான் செய்தேன். போஸ்டரில் ஏதோ சரியில்லைன்னு தோணினதும் 'சும்மா பிரமை'ன்னு நேரே நடந்தேன். சரியில்லைதான்.

ஆஃபீஸுக்கும் கேமுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கு, அதையும் சொல்லணும். கேமில் மாற்றம் அடிக்கடி வரும். ஆஃபீஸில் ஐம்பது ரிலீஸுக்கு ஒண்ணு வந்தால் அதிகம். ஜெரமி உல்ஃப் குழுவினர் 2005-இல் நேச்சர் இதழில் இதைப் பற்றி எழுதினாங்க. கலைந்து கிடக்கும் படங்களில் ஒரு பொருளைத் தேடச் சொன்னாங்க. பாதிப் படங்களில் பொருள் இருந்தபோது தவறவிட்டது 7 சதவீதம். நூற்றில் ஒரு படத்தில் மட்டும் இருந்தபோது தவறவிட்டது 30 சதவீதம். அதே வகைப் படம், அதே வகைப் பொருள். ஏர்போர்ட்டில் பை சோதிக்கிறவருக்கும், ஸ்கேன் படம் பார்க்கிற டாக்டருக்கும் இருக்கும் சிக்கல் இதுதான். அரிதாக வருவதைக் கண் எதிர்பார்க்கறதை விட்டுடுது. கூடவே நேரமும் சேர்ந்துக்கும். நார்மன் மேக்வொர்த் 1948-இல் எழுதிய கடிகாரச் சோதனையில், எப்பவாவது ஒரு முறை இரட்டிப்பாகத் தாவும் முள்ளை ரெண்டு மணி நேரம் பார்த்துக்கிட்டே இருக்கச் சொன்னார். முதல் அரை மணிக்குள்ளேயே கவனம் சரிய ஆரம்பிச்சது.

இதுக்கு ஜப்பான் ரயில்காரங்க ஒரு வழி வெச்சிருக்காங்க, அது இந்தக் கேமுக்கும் பொருந்தியது எனக்குச் சந்தோஷம். ஷிஸா கன்கோ. டிரைவர் சிக்னலைக் கையால் சுட்டிக்காட்டி, வாய்விட்டுச் சொல்வார். ஆளே இல்லாத கேபினில் தனியாகச் செய்வார். பார்க்கிறவங்களுக்குச் சிரிப்பு வரும். அங்குள்ள ரயில்வே ஆய்வு நிறுவனம் 1990-களில் சோதிச்சபோது, நூறு செயலுக்கு 2.38 என்று இருந்த தப்பு 0.38-க்கு இறங்கியது. 'எல்லாம் சரியா இருக்கு' என்ற மொத்தக் குறிப்பை உடைச்சு, கண்ணை ஒவ்வொண்ணாகப் போய்த் தொட வைக்குது.

மறுநாள் அதே மாதிரி விளையாடினேன். திரையைச் சுட்டிக்காட்டி, "கேமரா ஒண்ணு. போஸ்டர் ஒண்ணு, ரெண்டு, மூணு. கதவு, கைப்பிடி. விளக்கு. ஆள்." மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "யார்கிட்ட பேசறீங்க?" என்றாள். மூணாவது முயற்சியில் வெளியே வந்தேன். ஆனால் பயம் போயிடுச்சு. சரிபார்ப்புப் பட்டியல் வந்ததும் அந்த நடைபாதை ஒரு வேலையாக ஆகிடுச்சு. விளையாட்டாக ரசிக்கணும்னா பட்டியல் இல்லாமல் போங்க.

இணையத்தில் 'பேக்ரூம்ஸ்' என்ற மஞ்சள் அறைப் படம் 2019-இலிருந்து சுத்துவது பலருக்குத் தெரியும். ஆள் இல்லாத ஆஃபீஸ், முடிவில்லாத தாழ்வாரம், அந்த ரசனையும் இந்தக் கேமுக்கு ஊற்று என்று அதைச் செய்தவரே சொல்லியிருக்கார். ஆனால் வெறும் இடத்தின் வெறுமையால் வர்ற பயம் பத்து நிமிஷத்தில் பழகிடும். இங்கே நம்மிடம் ஒரு கேள்வி கேட்டு, பதிலுக்கு மார்க் போடறாங்க, அதனால்தான் பழகவே மாட்டேங்குது. 2025-இல் கென்கி கவாமுரா இதைப் படமாகவும் எடுத்தார், கான் விழாவின் நள்ளிரவுப் பிரிவில் திரையிட்டாங்க. அதைப் பற்றி இன்னொரு நாள்.

அந்தப் பையனுக்கு இந்தக் கேமை வாங்கிக் கொடுத்தேன். ரெண்டாவது முயற்சியிலேயே வெளியே வந்துட்டானாம். போன வியாழன் ரிலீஸில் மூணு சந்தேகம் கேட்டான். மூணும் ஒண்ணுமில்லை. மூணையும் உட்கார்ந்து பார்த்தோம், இருபது நிமிஷம் ஆச்சு.